மலை வீட்டை விற்கும் முன்...



நீலகிரியில் தந்தையர் கட்டிய வீடுகள் பல விற்பனைக்கு வருகின்றன. பிள்ளைகள் சமவெளி நகரங்களில் குடியேறிவிட்டனர். விற்பது ஆகுமானதே. ஆயினும் அதற்கு முன் நிறைவேற்ற வேண்டிய கடமைகள் உண்டு.

முதலாவது, பங்கு. பெற்றோர் விட்டுச் சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்களுக்கும் பங்குண்டு என அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் விதிக்கிறது. "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே" என்பது சகோதரியின் பங்கை நீக்காது. கூச்சத்தால் அவள் விடுதலைப் பத்திரத்தில் இடும் கையெழுத்து, மனமுவந்த விட்டுக்கொடுப்பும் ஆகாது.

இரண்டாவது, ஷுஃப்ஆ எனும் முன்னுரிமை. கூட்டுப் பங்காளிக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் இவ்வுரிமை உண்டு.

மூன்றாவது, குறையைச் சொல்லுதல். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தடுப்புச் சுவரின் விரிசலையும் மழைக்கால ஊற்றையும் சுண்ணாம்பு பூசி மறைப்பது, வாங்குபவரின் குழந்தைகளை ஆபத்தில் உறங்க வைப்பதாகும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலேயே கண்டித்தார்கள். ஈரச் சுவருக்கும் அதே சட்டம்தான்.

விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது. நேர்மையான கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.