கூன் ராப்பிட்ஸ் சோளக்காரர்



1932ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயிகள் பலர் மக்காச்சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தார்கள். கோபத்தில் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். ஒரு புஷல் சோளம், அதாவது நம் அளவில் சுமார் 25 கிலோ, பத்துப் பன்னிரண்டு சென்ட்டுக்குத்தான் போயிற்று. நிலக்கரி வாங்குவதைவிட விளைந்ததை எரிப்பது மலிவு. அந்த நேரம் பார்த்து, ஒருவர் பண்ணை பண்ணையாகக் காரில் போய், "இன்னும் அதிகமாக விளையும் விதை இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அதே விவசாயிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ராஸ்வெல் கார்ஸ்ட். 

கார்ஸ்ட் 1898இல் பிறந்தவர். முதலில் குடியேறிய தலைமுறையின் வழியில் வந்தவர். அயோவாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஆளுயரப் புல்வெளி. சாக், மெஸ்குவாக்கி முதலிய பூர்வகுடிகள் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். பிறகு கிழக்கிலிருந்து வந்தவர்கள் அந்தப் புல்வேரை எஃகுக் கலப்பையால் கிழித்து நிலமாக்கினார்கள். கார்ஸ்ட் குடும்பம் 1860களின் கடைசியில் கூன் ராப்பிட்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து பலசரக்குக் கடை வைத்தது. தந்தையின் சகோதரர் வாரன் கார்ஸ்ட் 1908 கடைசியில் சில வாரங்கள் மாநில ஆளுநராகவே இருந்தார். ஆக, கலப்பையும் கல்லாப்பெட்டியும் சேர்ந்த குடும்பம். நம்மவர் கடைசிவரை இரண்டையும் விடவில்லை. பல கல்லூரிகளில் ஏறி இறங்கிப் பட்டம் வாங்காமலே வந்துவிட்டார். தலைநகர் டி மாயினில் வீட்டுமனை விற்றார். பொருளாதார வீழ்ச்சி வந்ததும் மனைவி எலிசபெத்தோடு 1930இல் ஊருக்குத் திரும்பினார்.

டி மாயினில் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒரு நட்பு. ஹென்றி வாலஸ் என்பவர் அங்கே விவசாயப் பத்திரிகை நடத்திக்கொண்டு, வீரிய ஒட்டுச் சோள விதையை உருவாக்கி 1926இல் ஒரு கம்பெனியும் தொடங்கியிருந்தார். பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியானவர் இவர்தான். விதை உண்டாக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வகைச் சோளத்தை அடுத்தடுத்த வரிசையில் நடுவார்கள். ஒரு வகையின் உச்சியில் வரும் ஆண்பூவை மகரந்தம் கொட்டும் முன்பே கையால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அந்தச் செடி பக்கத்து வரிசையின் மகரந்தத்தை ஏற்று, இரண்டையும் மிஞ்சும் விதையைத் தரும். ஜூலை வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் கூலிக்குப் பூப்பிடுங்கப் போவது அயோவாவில் இன்றும் உண்டு. ஆனால் அந்த விதையில் விளைந்ததை எடுத்து மறுவருஷம் விதைத்தால் மகசூல் இறங்கிவிடும். ஒவ்வொரு வருஷமும் புது விதை வாங்கியாக வேண்டும். வீட்டில் கதிர் பொறுக்கிக் கட்டித் தொங்கவிட்ட விதை, கடைச் சரக்காக மாறிய இடம் இது. அதை நல்லது என்று சொல்பவர்களும் உண்டு, கேடு என்பவர்களும் உண்டு. வியாபாரம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

வாலஸின் அந்த விதையைத்தான் கார்ஸ்ட் விற்கக் கிளம்பினார். கையில் காசில்லாத விவசாயியிடம் அதை எப்படி விற்பது? கார்ஸ்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். விதைக்குப் பணம் வேண்டாம். பாதி வயலில் உன் விதையைப் போடு, பாதியில் என் விதையைப் போடு. என் பக்கம் கூடுதலாக விளைந்தால், அந்தக் கூடுதலில் பாதியை எனக்குக் கொடு. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்த விவசாயிகள், அடுத்த வருஷம் காசு கொடுத்து விதை வாங்குவதே தங்களுக்கு லாபம் என்று வந்து நின்றார்கள். 1934, 1936 வறட்சியில் பழைய சோளம் சாய்ந்து கிடக்க, ஒட்டுச் சோளம் நிமிர்ந்து நின்றது. 1933இல் அயோவா சோள நிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஒட்டு விதை இல்லை. பத்தே வருஷத்தில் அநேகமாக மொத்தமும் அதுவே.

இந்தச் சோளத்தை மனிதர்கள் நேராகத் தின்பது கொஞ்சம்தான். மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் போய் இறைச்சியாகவும் முட்டையாகவும் திரும்பி வருகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கார்ஸ்ட் இன்னும் ஒருபடி போய், கதிரை உதிர்த்தபின் மிஞ்சும் தக்கையையே யூரியா கலந்து மாடுகளுக்குத் தீவனமாக்கினார். 

இனி, அவரை உலகம் அறிந்த கதை. 1955 தொடக்கத்தில் சோவியத் தலைவர் குருஷேவ், அயோவாவைப்போல நம் நாட்டிலும் சோளம் விளைய வேண்டும் என்று பேசினார். டி மாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையில் லாரன் சோத், அப்படியானால் நேரில் வந்து பாருங்கள் என்று தலையங்கம் எழுதினார். அணுகுண்டு பயத்தில் இரு நாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் ஜூலையில் ரஷ்யக் குழு வந்துவிட்டது. அதிகாரிகள் போட்ட பயணத்திட்டத்தில் கார்ஸ்ட் பண்ணை இல்லை. அதனால் என்ன? அவரே போய்க் குழுத்தலைவரைப் பேசிப் பிடித்துத் தன் பண்ணைக்கு அழைத்துவந்தார். அந்த இலையுதிர்காலத்திலேயே அவர் ரஷ்யாவுக்குப் போய்க் கருங்கடல் கரையில் குருஷேவைச் சந்தித்தார். 5,000 டன் விதை விற்பனையாயிற்று. கம்யூனிஸ்டுகளுக்கு விதை விற்கலாமா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். பசித்த ஜனங்கள் கையில் ஆயுதம் இருப்பதுதான் ஆபத்து என்பது அவர் பதில். அதில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது, லாபமும் இருந்தது. ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிடுவதாக நான் நினைக்கவில்லை.

குருஷேவ் தன் நினைவுக்குறிப்புகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். சோவியத் கூட்டுப்பண்ணை ஒன்றில் உரம் போடாமல் சோளம் விதைப்பதைப் பார்த்துவிட்டு, கார்ஸ்ட் அங்கேயே அவர்களைத் திட்டித் தீர்த்தாராம். இந்த மனிதரிடம் ராஜதந்திரம் அவ்வளவுதான்.

1959 செப்டம்பர் 23 அன்று குருஷேவே கூன் ராப்பிட்ஸ் வந்து இறங்கினார். பின்னால் நூற்றுக்கணக்கான நிருபர்கள். பண்ணையில் கால்வைக்க இடமில்லை, விருந்தாளிக்கு எதையும் காட்ட முடியவில்லை. பொறுமை இழந்த கார்ஸ்ட், குழியில் ஊறவைத்திருந்த சைலேஜ் தீவனத்தை இரு கையாலும் அள்ளி நிருபர்கள்மீது வீசினார். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஹாரிசன் சாலிஸ்பரிக்கு முழங்காலுக்குக் கீழே ஓர் உதையும் கிடைத்தது. குருஷேவ் சிரித்து ரசித்தார். 

ஆனால் ரஷ்யாவில் சோளம் கரையேறவில்லை. சோளம் தாங்காத குளிர் அடிக்கும் வடக்கு நிலங்களிலும் மேலிடத்து உத்தரவுக்காக விதைத்தார்கள். பல இடங்களில் பொய்த்தது. 1964இல் குருஷேவ் பதவி இழந்தார். கார்ஸ்ட் முதுமையில் புற்றுநோயால் குரல்வளையை இழந்தார். பேச்சையே பிழைப்பாக வைத்திருந்தவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. என்றாலும் அவர் ஓயவில்லை. 1977 நவம்பர் 5 அன்று, 79ஆம் வயதில் காலமானார்.

அவர் ஓயாமல் உபதேசித்த மற்றொரு விஷயம் உரம். போருக்குப்பின் நைட்ரஜன் உரம் மலிவானபோது, அதைத் தாராளமாகப் போடு, வருஷா வருஷம் சோளமே விதை என்றார். முன்பு ஏக்கருக்கு ஒரு டன் தேறுவதே பெரிது; இன்று அயோவாவில் சராசரி ஐந்து டன். ஆனால் செடி எடுத்துக்கொள்ளாத நைட்ரேட், வயலுக்கடியில் புதைத்த வடிகால் குழாய்கள் வழியே ராக்கூன் ஆற்றுக்குப் போகிறது. டி மாயின் மக்கள் குடிப்பதில் அந்த ஆற்றுநீரும் உண்டு. நைட்ரேட்டைப் பிரிக்கவே நகரம் 1990களில் தனி ஆலை கட்ட வேண்டியதாயிற்று. 2015இல் நகரக் குடிநீர் நிறுவனம் மேல்புறத்து மூன்று மாவட்டங்கள்மீது வழக்குப் போட்டது. 2017இல் வழக்கு தள்ளுபடியானது. தண்ணீர்ப் பிரச்சினை தள்ளுபடியாகவில்லை. பசியைப் பற்றிக் கார்ஸ்ட் சொன்னது சரிதான். மண் எவ்வளவு போட்டாலும் தாங்கும் என்று நம்பினாரே, அங்கேதான் சறுக்கினார்.

அவர் வாரிசுகள் 2000களில், அந்த ஆற்றங்கரையில் சுமார் 5,000 ஏக்கரை ஒயிட்ராக் கன்சர்வன்சி என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பகுதியில் பழைய புல்வெளியை மீட்டு வளர்க்கிறார்கள். குருஷேவ் வந்துபோன பண்ணைவீடு 2009இல் அமெரிக்க அரசின் வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நேயர்கள் அயோவாப் பக்கம் போனால், டி மாயினிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். போனால் சோள வயல், புல்வெளி இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.