எந்த வகுப்போட நின்னீங்க?

பள்ளிக்கூட நினைவுகள்னு கேட்டா, இன்னைக்கு 85 வயசைத் தாண்டின நம்ம பாட்டிங்க சிலேட்டு, மைக்கூடு, தாவணி போட்ட முதல் நாள்னு அடுக்கிக்கிட்டே போவாங்க. அதோட இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்க: "எந்த வகுப்போட நின்னீங்க?" யுத்தம் முடிஞ்ச காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவைப் புரிஞ்சுக்க அந்தப் பதில் ரொம்ப உதவும்.

அப்போ ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஆரம்பப் பள்ளி. அதுக்கு மேல முதல் பாரம், ரெண்டாம் பாரம்னு ஆறு பாரம். கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. ஆக மொத்தம் 11 வருஷம். அஞ்சு வயசுல சேர்ந்த பொண்ணு முடிக்கும்போது 16 ஆயிடும்.

இப்போ சட்டத்தைப் பாருங்க. 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. 1949-ல் அது 15 ஆனது. 18 ஆவதற்கு 1978 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, எஸ்.எஸ்.எல்.சி. முடியறதுக்கு முன்னாடியே கல்யாணத்துக்குச் சட்டம் வழிவிட்டுடுச்சு. வயசுக்கு வந்த பொண்ணை வெளியே அனுப்பாத வழக்கமும் சேர்ந்தா, மேல் பாரங்களில் பெஞ்சு காலியானதில் ஆச்சரியமே இல்லை.

தூரம் இன்னொரு தடை. செங்கல்பட்டு, ஸ்காட்லாந்து மிஷன் காலூன்றிப் பள்ளி நடத்தின ஊர். அங்கே அலிசன் காசி பெண்கள் பள்ளி இன்னைக்கும் நடக்குது. ஆனா மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லாத காலம். கடலோரக் குப்பத்துப் பொண்ணு மேலே படிக்கணும்னா பஸ், இல்லைன்னா விடுதி. ரெண்டுக்கும் காசு வேணும். 1952 வரைக்கும் அரிசிக்கே ரேஷன் இருந்த வீடுகளில், அந்தக் காசு முதலில் பையனுக்குத்தான் போகும்.

ஒரு வருஷம் கூடக் குறையப் படிச்சதில் என்ன வந்துடப் போகுதுன்னு தோணலாம். வாழ்க்கையே அதில்தான் இருந்தது. மூணாம் பாரம், அதாவது எட்டாவது, தேறினவங்க ரெண்டு வருஷப் பயிற்சி முடிச்சா ஹையர் கிரேடு ஆசிரியை ஆகலாம். எங்க பெரியம்மா ரெண்டாம் பாரத்தோட நின்னவங்க. கூடப் படிச்ச தோழி இன்னும் ஒரு வருஷம் படிச்சாங்க. டீச்சராகி, கடைசி வரைக்கும் பென்ஷன் வாங்கினாங்க. பெரியம்மாவுக்கு நெல் மூட்டைக் கணக்கு மனசுலயே வரும். ஆனா பாஸ்புக் பெரியப்பா பேர்லதான் இருந்தது.

இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க, போனில் பதிவு பண்ணி வைங்க. பள்ளிப் பதிவேட்டில் சேர்ந்த தேதி இருக்கும், நின்ன தேதியும் இருக்கும். ஏன் நின்னாங்கங்கிறதை அவங்கதான் சொல்லணும். அடுத்த பகுதியில் சந்திப்போம்.