கேமராவும் சேர்ந்து போச்சுன்னா சந்தேகம் வரணும்

இன்னிக்கு எங்க வீட்டுக் கதை. எனக்கு 4,200 ரூபாய் தண்டம் வச்ச கதைன்னும் சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. தங்கச்சி லேப்டாப்பைக் கட்டில் மேல வச்சு சார்ஜ் போட்டிருந்தா. தண்ணி குடிக்க எழுந்த என் கால் சார்ஜர் வயர்ல மாட்டி, லேப்டாப் தரையில. மூடியோட மூலைதான் முதல்ல இடிச்சுது. எடுத்துப் பார்த்தா திரையில ஒரு கீறல்கூட இல்ல. ஆனா முழுக்கக் கறுப்பு. உள்ள ஃபேன் ஓடுது, கேப்ஸ் லாக் அழுத்தினா குட்டி லைட் எரியுது. அப்போ உயிர் இருக்கு.

திங்கக்கிழமை காலைல 10 மணிக்கு அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. "அண்ணா, நீ எதுவும் பேசாத"ன்னு மட்டும் சொன்னா.

ஞாயித்துக்கிழமை முதல் வேலையா ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவில இணைச்சோம். படம் பளிச்னு வந்துச்சு. இந்த ஒரு சோதனை பாதி விஷயத்தைச் சொல்லிடும். டிவியிலயும் அதே கோடு, அதே கோளாறு தெரிஞ்சா பிரச்சினை மதர்போர்டு பக்கம். டிவில சுத்தமா வந்தா கோளாறு பெரும்பாலும் மூடிக்குள்ளதான். கையோட அவளோட ஃபைல் எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சோம். ரிப்பேருக்கு முன்னாடி செய்ய வேண்டியது அதுதான்.

அப்புறம் லைட்டை அணைச்சுட்டு, திரை மேல டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பார்த்தேன். மங்கலா ஐகான் தெரிஞ்சா பேனல் படம் காட்டுது, பின்னாடி இருக்கிற வெளிச்சம் மட்டும்தான் போச்சுன்னு அர்த்தம். எங்களுக்கு அதுவும் தெரியல.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். இன்டர்வியூவுக்காக வீடியோ காலை சோதிச்சப்போ, கேமராவே இல்லைன்னு விண்டோஸ் சொல்லுது. "விழுந்ததுல அதுவும் போச்சு போல"ன்னு சாதாரணமா கடந்துட்டேன். மசாலா டப்பா மேல ஃபோனைச் சாய்ச்சு வச்சு அவ இன்டர்வியூவை முடிச்சா.

செவ்வாய்க்கிழமை திரையைக் கழட்டினேன். அடிப்பக்க மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை முதல்ல பிடுங்கணும். இதை யாரும் தாண்டிப் போகாதீங்க. திரைக்குப் போற கேபிள்லதான் அதோட வெளிச்சத்துக்கான கரண்டும் போகுது. கரண்டு இருக்கும்போது அதைச் சொருகினா மதர்போர்டுல இருக்கிற குட்டி ஃப்யூஸ் போயிடலாம். அப்புறம் 500 ரூபாய் வேலை 5,000 ரூபாய் வேலையா மாறும். திரையைச் சுத்தியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை ஒரு பழைய ஏடிஎம் கார்டால நெம்பினா க்ளிப் ஒவ்வொண்ணா கழண்டு வரும்.

பேனல் வாங்கும்போது லேப்டாப் மாடல் பேரைச் சொல்லி வாங்காதீங்க. ஒரே மாடல்ல வேற வேற பேனல் போட்டிருப்பாங்க. பேனலோட முதுகுல ஸ்டிக்கர் இருக்கும், அந்த நம்பர்தான் ஜாதகம். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, ஓரத்துல ஸ்க்ரூ போடுற காது இருக்கா இல்லையா, எல்லாம் ஒத்துப் போகணும். அந்த நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 4,200 ரூபாய்.

மாட்டினேன். கறுப்பு.

ஒரு அரை மணி நேரம் தரையிலயே உக்காந்திருந்தேன். வெறுத்துப்போய் மூடியை மெதுவா மூடினா, பாதி வழியில ஒரு நொடி படம் வந்து மறைஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன், மறுபடி வந்துச்சு. அப்போதான் மண்டையில உறைச்சுது. நிறைய லேப்டாப்ல கேமராவோட வயரும் திரையோட வயரும் ஒரே கேபிளாத்தான் ஹின்ஜ் வழியா கீழ இறங்கும். ரெண்டும் ஒரே நேரத்துல போச்சுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்தக் கேபிளைத்தான்.

திறந்து பார்த்தா, விழுந்த வேகத்துல ஹின்ஜோட ஸ்க்ரூ பிடிச்சிருந்த பிளாஸ்டிக் உடைஞ்சு, ஹின்ஜ் நகர்ந்து கேபிளை நசுக்கியிருக்கு. புது கேபிள் 850 ரூபாய். பழைய கேபிள்ல ஒட்டியிருந்த சீட்டில பார்ட் நம்பர் இருந்துச்சு, அதை வச்சே கிடைச்சுது. உடைஞ்ச பிளாஸ்டிக்கை எபாக்சி போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க காய விட்டேன். ஹின்ஜை அப்படியே விட்டிருந்தா புது கேபிளும் அதே இடத்துல நசுங்கியிருக்கும்.

நேர்மாறான கேஸும் இருக்கு. திரையில மை கொட்டின மாதிரி கறுப்புக் கறை, சிலந்தி வலை மாதிரி விரிசல் தெரிஞ்சா அது பேனல்தான், யோசிக்கவே வேண்டாம். வெறும் கோடு மட்டும் வந்தா மூடியை ஆட்டிப் பாருங்க. கோடு வந்து வந்து போனா கேபிள் பக்கம் பாருங்க, அசையாம நின்னா பெரும்பாலும் பேனல். டெல் லேப்டாப்னா இன்னொரு வசதி: டி கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணினா திரை வரிசையா நிறம் மாத்திக் காட்டும். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே பேனலோட நிலைமை தெரிஞ்சுடும்.

ரெண்டாவது ரவுண்டு இன்டர்வியூவை அவ லேப்டாப்லயே முடிச்சா. கேமராவும் வந்துடுச்சு. வாங்கின பேனலைக் கடையில திருப்பி எடுத்துக்கல, மாட்டின பொருளாம். பழைய பேனலையே திரும்ப மாட்டிட்டேன். புதுசு என் அலமாரில சட்டைகளுக்கு நடுவுல தூங்குது. 15.6 இன்ச், ஃபுல் ஹெச்டி, 30 பின். யாருக்காவது பொருந்தினா சொல்லுங்க.