கையில் வேலை, மனத்தில் நிறைவு





பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் குடும்ப நாளில் பேசும்படி நிர்வாகிகள் கேட்டபோது, வியாபாரம் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் பத்தாண்டுகளாக எங்கள் குடும்பத்துக்குப் பாடம் நடத்திவரும் ஒருவரைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று பட்டது. அவர் எங்கள் பெரியத்தா. இரு கண்களிலும் பார்வை இல்லாதவர். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். "பேசு, ஆனா யாரையும் அழவச்சிராதே" என்று சொல்லித்தான் அனுமதி தந்தார்.

அவருக்கு வந்தது கிளாக்கோமா என்னும் கண் நரம்பு நோய். பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வை குறையும். நேரே இருப்பது நன்றாகத் தெரிவதால் நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. இழந்த பார்வை திரும்பாது. மிச்சம் உள்ளதைத்தான் காக்க முடியும். தேக்காவில் எங்கள் மளிகைக் கடையில் அவர் அலமாரியின் ஓரத்தில் இடித்துக்கொண்ட போதெல்லாம், அவசரக்காரர் என்று நாங்கள் கேலி செய்தோம். மருத்துவரிடம் போனபோது காலம் கடந்திருந்தது.

அதன்பின் நாங்கள் செய்ததுதான் பெரிய தவறு. அன்பினால்தான் செய்தோம். கடைச் சாவியை வாங்கிக்கொண்டோம். தேநீரை வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தோம். தடுக்கி விழுவார் என்று வீட்டில் நாற்காலி மேசைகளை இடம் மாற்றினோம். மாற்றியதை அவரிடம் சொல்லவில்லை, அதனாலேயே முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். "நீங்க சும்மா இருங்க பெரியத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்பதே எங்கள் பேச்சாக இருந்தது. ஓராண்டுக்குள் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கண் போனதால் மனம் உடைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு நாள் வீட்டில் ஆள் இல்லாததால் அவரைக் கடைக்கு அழைத்து வந்திருந்தோம். காய்ந்த மிளகாய் மூட்டைகள் வந்து இறங்கின. நிறம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் கையெழுத்துப் போடப் போனோம். பெரியத்தா ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, நாலு மிளகாயை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தார். ஒடியவில்லை, வளைந்தது. விதையின் கலகலப்பும் இல்லை. "நமத்துப் போயிருக்கு. பத்து நாள்ல பூசணம் பூத்துரும். திருப்பி அனுப்பு" என்றார். பிரித்துப் பார்த்தோம், நடுவில் ஈரம். அன்றிரவு சாப்பாட்டு வேளையில் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நோய் எடுத்துக்கொண்டது பார்வையை. வேலையை எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

மறுநாளே சாவியைத் திருப்பித் தந்தோம். 1951 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கத்தின் தோ பாயோ ரைஸ் நிலையத்தில் விசாரித்து, வெள்ளைக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டார். இன்று சரக்கைச் சரிபார்ப்பவர் அவரே. கல்லாவிலும் உட்காருகிறார். நம் நோட்டுகளில் மதிப்புக் கூடக் கூட அளவும் கூடும். 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் வழுவழுப்பான பாலிமர். 50 வெள்ளி காகிதம். மேல்மூலையில் தடவி அறியும் புள்ளிகளும் உண்டு. இதையெல்லாம் தினமும் பணம் எண்ணுகிற நாங்கள் அவர் சொல்லித்தான் கவனித்தோம்.

நாங்களும் சில பழக்கங்களைக் கற்றுக்கொண்டோம். பொருளை இடம் மாற்றினால் உடனே சொல்லிவிடுவோம். நடக்கும்போது அவரைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அவர் எங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். தட்டில் சோறு வைத்தால், "மூணு மணிப் பக்கம் தால்சா, ஒன்பது மணிப் பக்கம் ஊறுகாய்" என்று கடிகாரக் கணக்கில் சொல்வோம்.

நிறைவாக வாழ்கிறார் என்பதால் அவருக்கு வருத்தமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கடைசிப் பேத்தியின் முகத்தை அவர் பார்த்ததில்லை. பெருநாள் காலையில் அவளுடைய கன்னத்தைத் தடவிப் பார்க்கும்போது சிறிது நேரம் மௌனமாகிவிடுவார். பிறகு கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கடைக்கு நேரமாச்சு" என்பார்.

நம் மார்க்கம் இதை அன்றே காட்டித் தந்திருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற நபித்தோழர். அவர்களை முன்னிட்டுத் திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான அபஸ அருளப்பட்டதை நாம் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு ஆறுதல் மட்டும் சொல்லவில்லை, பொறுப்பும் தந்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பில் அவரை அமர்த்தினார்கள். ரமலானில் அவருடைய பாங்கு கேட்டுத்தான் மக்கள் சஹரை நிறுத்தினார்கள். விடிந்துவிட்டது என்று பிறர் அவருக்குச் சொல்வார்கள். அவர் ஊருக்கே சொல்வார். அவருக்குப் பிறருடைய கண் தேவைப்பட்டது. ஊருக்கு அவருடைய குரல் தேவைப்பட்டது.

எனவே 51ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் சங்கத்தினரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, கிளாக்கோமா குடும்பவழியிலும் வரக்கூடியது. முப்பதுகளில் இருக்கும் நாங்கள் சகோதரர்கள் அனைவரும் இப்போதே பரிசோதித்து வருகிறோம். உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் விழித்திரைச் சோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பள்ளிவாசலில் காலணிகளை நடைவழியில் விடாமல் அடுக்கில் வையுங்கள். பார்வையற்றவருக்குச் சலாம் சொல்லும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். விலகிப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, விழா நாளில் அவர்களுக்கு முன்வரிசை தருகிறீர்கள், நன்றி. அதோடு ஒரு வேலையும் தாருங்கள். உடல்நலமில்லாத உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும் பொறுப்பைப் பெரியத்தாவிடம் ஒப்படைத்துப் பாருங்கள். திரையில் உள்ளதைக் கைப்பேசியே அவருக்குப் படித்துச் சொல்லிவிடும். ஒருவரையும் அவர் விட்டுவிட மாட்டார். மிளகாயையே ஒடித்துப் பார்ப்பவர்!

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பார்வையைப் பாதுகாப்பானாக. பார்வை இழந்தவர்களின் தகுதியை அறியும் உள்ளத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.