எக்ஸ்ரே அறையில் நம்ம பிள்ளை
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில வழுக்கி விழுந்து கை முறிஞ்சா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறாங்க. எடுக்கிறவரையும் நாம 'டாக்டர்'னுதான் கூப்பிடுறோம். அவர் ரேடியோகிராபர். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை எடுப்பது அவருடைய தொழில். படத்தைப் பார்த்து நோயைச் சொல்பவர்தான் விசேட வைத்தியர்.

இதை ஏன் சொல்றேன்? முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவுக்கும், நேற்றுப் பேர் பதிந்த பிள்ளைக்கும் அடிப்படை நாட்சம்பளம் ஒன்றுதான். அரசாங்க ரேடியோகிராபருக்கு அப்படியில்லை. வருஷா வருஷம் சம்பள ஏற்றம் உண்டு. மூன்றாம் தரத்தில் சேருபவர், சேவைக்காலத்தை நிறைவு செய்து, வினைத்திறன் தடைப் பரீட்சையிலும் சித்தியடைந்தால் இரண்டாம் தரம், முதலாம் தரம் என்று ஏறலாம். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்திலும் தேர்ச்சி பெற வேண்டும். அதையும் இப்போதே தொடங்கலாம்.

வழி என்ன? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு 4 வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேணும். நம்ம தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. "பக்கத்துல உள்ளதையே படிக்கட்டும்" என்று கலைப் பிரிவில் சேர்த்த அன்றைக்கே இந்தக் கதவு சாத்திடும்.

ஆகவே பிள்ளை சாதாரணதரம் எழுதியதும், விஞ்ஞானம் உள்ள டவுன் பாடசாலை அதிபரைப் போய்ப் பாருங்க. அன்றைக்கு ஒரு பேர் போனாலும் போகட்டும்.