கோர் கூடினால் வேகம் கூடுமா?

நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை இருக்கிறது. 1972-இல் இங்கு வந்த நிறுவனம். கணினிச் சில்லுகளைப் பொதிந்து, சோதித்து, உலகெங்கும் அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகளின் உழைப்பு அது. பெருமைதான்.

அந்தச் சில்லுக்குள் இருப்பவை கோர்கள். ஒவ்வொரு கோரும் தனியாகக் கணக்குப் போடும். அப்படியானால், கோர் கூடினால் வேகமும் கூடுமா? மெல்லிய மடிக்கணினியில் அவ்வளவு எளிதில் கூடாது. காரணம், சூடு.

சின்னச் சமையலறையில் எட்டு அடுப்பு வைக்கலாம். எட்டையும் முழுத் தீயில் எரித்தால் உள்ளே நிற்க முடியுமா? தீயைக் குறைத்தே ஆகவேண்டும். மடிக்கணினியும் அப்படித்தான். சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதனால்தான் இப்போது பல சில்லுகளில் இரண்டு வகைக் கோர்கள். கனமான வேலைக்குப் பெரிய கோர். மின்னஞ்சல், பாட்டு போன்றவற்றுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னக் கோர். அருமையான ஏற்பாடு. பேட்டரியும் நீடிக்கும்.

வருங்காலத்தில் கோர்கள் இன்னும் கூடலாம். ஆனாலும் சூடு வெளியேற வழி வேண்டும். கடையில் கோர் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். நெடுநேரம் ஓடினாலும் வேகம் குறையாதா என்றும் கேளுங்கள். வாங்கியபின் மெத்தைமேல் வைக்காதீர்கள். காற்றுத் துளை அடைபட்டுவிடும்.