சஸ்காச்சுவான், 1962: இளம் மருத்துவர்களுக்கு ஒரு வரலாறு



இன்று முதல் மருத்துவர்களாகும் உங்களில் சிலர் அமெரிக்கா செல்வதற்கான தேர்வுகளுக்கு இப்போதே படித்துக்கொண்டிருப்பீர்கள். சிலருக்குக் கனடாவில் உறவினர் இருப்பார்கள். அந்த நாடுகளின் கருவிகளைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே நோயாளியின் பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். ஏனென்றால், அந்தக் கேள்விக்கு விடை எழுதியதில் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாடுகளிலும் ஒரே நிலைதான். பணம் இருந்தால் வைத்தியம்; இல்லாவிட்டால் கடன் அல்லது தர்மம். அந்தக் காலத்தில் கனடாவின் வின்னிபெக் நகரில், ஏழைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு முழங்கால் எலும்பில் சீழ் பிடித்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பெயர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் அவனைப் பார்த்தார். தன் மாணவர்கள் பக்கத்தில் நின்று கவனிக்கப் பெற்றோர் சம்மதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. அன்று மேசையைச் சுற்றி நின்றவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்தான்.

அந்தச் சிறுவன்தான் டாமி டக்ளஸ். 1944-ல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வரானார். தன் கால் பிழைத்தது தற்செயல் என்பதை அவர் மறக்கவே இல்லை. 1947-ல் மாகாணத்தின் மருத்துவமனைச் செலவை அரசுக் காப்பீட்டின் கீழ் கொண்டுவந்தார். அடுத்து, மருத்துவரின் கட்டணத்தையும் அரசே கொடுக்கும் என்ற சட்டம். அது 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது டக்ளஸ் மத்திய அரசியலுக்குப் போயிருந்தார். உட்ரோ லாய்ட் முதல்வர். அன்றே மாகாணத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் கிளினிக்கை மூடினார்கள். அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. போராட்டம் 23 நாள் நீடித்து உடன்பாட்டில் முடிந்தது.

அரசு ஊழியர்களாகிவிடுவோம் என்று போராடிய மருத்துவர்கள் அஞ்சினார்கள். அது நடக்கவில்லை. இன்றும் கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் சுயதொழில் செய்பவர்களே. நோயாளி அட்டையைக் காட்டுகிறார். பில் மாகாண அரசுக்குப் போகிறது. சில ஆண்டுகளுக்குள் மற்ற மாகாணங்களும் இதே வழிக்கு வந்தன. 1984-ன் கனடா சுகாதாரச் சட்டம், நோயாளியிடம் கூடுதல் பணம் வசூலிக்கவிடும் மாகாணத்துக்கு மத்திய நிதியைக் குறைத்தது.

அமெரிக்காவில் மருத்துவர் சங்கமே பெருமளவுக்கு வென்றது என்று சொல்லலாம். அரசுக் காப்பீட்டை எதிர்த்து 1961-ல் நடிகர் ரொனால்ட் ரீகனின் குரலில் இசைத்தட்டே வெளியிட்டார்கள். அதையும் மீறி 1965-ல் அதிபர் ஜான்சன் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என்ற அரசுக் காப்பீடுகளைக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு? இரண்டாம் உலகப் போரில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆட்களைப் பிடிக்க முதலாளிகள் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தார்கள். போர் முடிந்தும் அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. அதனால்தான் அங்கே வேலை போனால் பலருக்குக் காப்பீடும் போகிறது.

காப்பீட்டை விரிவாக்க 2010-ல் அதிபர் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகும் சுமார் 2.5 கோடிப் பேருக்குக் காப்பீடு இல்லை. இத்தனைக்கும் அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. கனடா 12 சதவீதம்தான். கனடியரின் சராசரி ஆயுள் சுமார் மூன்று ஆண்டு அதிகம். அதற்கு மருத்துவம் மட்டுமே காரணமல்ல, துப்பாக்கியும் போதைமருந்தும் கூடக் காரணங்கள். ஆனால் அமெரிக்காவில் பணம் எங்கே போகிறது என்பதை அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் கண்ணால் பார்ப்பீர்கள். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனி விதி, தனிப் படிவம். நீங்கள் எழுதும் ஸ்கேனுக்கு முன் அனுமதி வாங்கவே ஆட்கள் தேவை.

கனடாவின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இடுப்பு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பல லட்சம் பேருக்குக் குடும்ப மருத்துவரே இல்லை. எனக்குக் கோபம் வருவது மருந்து விஷயத்தில்தான். 1921-ல் டொரன்டோவில் இன்சுலினைக் கண்டறிந்தவர்கள், அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த நாட்டிலேயே, மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்து அடிப்படைப் பொதுக் காப்பீட்டில் இடம்பெறவில்லை. நீரிழிவு மருந்துகளைச் சேர்க்கும் மத்தியச் சட்டம் 2024-ல்தான் வந்தது. அதுவும் எல்லா மாகாணங்களையும் இன்னும் எட்டவில்லை.

நல்ல காப்பீடு உள்ள அமெரிக்கருக்கு அதே இடுப்பு அறுவை விரைவில் நடந்துவிடும் என்பது உண்மை. அப்படியிருந்தும் நான் கனடாவின் பக்கம்தான் நிற்பேன். காத்திருப்பவரின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது. ஆட்களை நியமித்து, ஆபரேஷன் தியேட்டர்களைக் கூட்டி அந்தப் பட்டியலைச் சுருக்கலாம். பில்லுக்குப் பயந்து நெஞ்சு வலியோடு வீட்டிலேயே இருந்துவிடுபவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சஸ்காச்சுவான் போராட்டத்தின் அந்த 23 நாளில் எல்லா மருத்துவர்களும் கதவை மூடவில்லை. சாஸ்கடூன் நகரில் மார்கரெட் மஹூட், ஜோன் விட்னி-மூர் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள், சக மருத்துவர்களின் பகையைப் பொருட்படுத்தாமல், ஜூலை 3 அன்று ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். ஊர் மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து அந்த கிளினிக்கை நடத்தினார்கள். அது இன்றும் இயங்குகிறது. கனடா போகிறவர்கள் நேரம் ஒதுக்கி அங்கே போய்ப் பாருங்கள். அங்கே வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.